தெரியாத கலைஞர்

பிரிந்தபோது தகராறே இல்லை.
நானூற்றுப் பன்னிரண்டு குறுந்தகடுகள் எனக்கு.
அத்தனையின் பிரதியும் அடங்கிய
சோப்புக்கட்டி அளவு வன்தட்டு வொய்த்யேக்குக்கு.
சிடி பிளேயர் மட்டும்
இருவருக்கும் வேண்டாததாகி
அடுக்ககத்தின் நிலவறையில்
பனிச்சறுக்குக் கட்டைகளோடு கிடந்து
ஈரத்தில் செத்தது.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை
பிர்னோவின் எட்டாம் எண் டிராமில்
ஒரே ஒரு தகட்டைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு
ஹ்ரூபெஷின் கடைக்குப் போனேன்.
ஏதோ ஒரு மலையடித் தேவாலயத்தில் பதிவான
தனி செல்லோ.
நான்காம் தடத்தில், மூன்றாவது நிமிடம் தாண்டியதும்
யாரோ இருமுவார்.
அந்த இருமல் எந்தப் பெட்டியில்
ஆளாக வந்து நிற்கிறதோ
அதை வாங்குவதாக உத்தேசம்.

முதலாவது புதியது, கறுப்பு, ஒல்லி.
அதன் தட்டு வெளியே நீண்டபோது
பாஸ்போர்ட் கேட்கும் குமாஸ்தாவின் கை.
இருமல் கேட்டது,
இருமியவரைக் காணோம்.

இரண்டாவதின் விலை என் இரண்டு மாத வாடகை.
அதில் எல்லாமே அழகு,
இருமல்கூட.
அதனாலேயே நம்பவில்லை.

மூன்றாவது பழசு. ஜப்பானியத் தயாரிப்பு.
கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம், அவ்வளவு கனம்.
"லென்ஸ் களைத்திருக்கிறது" என்றார் ஹ்ரூபெஷ்,
"ஆறு மாதத்துக்கு நான் பொறுப்பு.
ரிமோட் இல்லை, எழுந்து நடக்க வேண்டும்."

போட்டார்.
இடப்பக்கம், மூன்றாம் வரிசை,
கம்பளித் துண்டு சுற்றிய கழுத்து,
வாயைப் பொத்த நேரமில்லாமல்
ஒரு கிழவர்.

"இதுதான்" என்றேன்.
"செல்லோவையும் கொஞ்சம் கேட்டுவிடுங்களேன்"
என்றார் ஹ்ரூபெஷ்.

வீட்டுக்கு வந்ததும் அது தன் குணத்தைக் காட்டியது.
ஒவ்வொரு தகட்டையும் படிக்கப் பதினொரு நொடி.
சிலவற்றை முகர்ந்து பார்த்துவிட்டு
'தகடு இல்லை' என்று சாதிக்கும்.
துடைத்துத் திரும்பப் போட்டால்
இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளும்.
பழகிவிட்டது.

மே மாதம் வொய்த்யேக்கின் அழைப்பு.
வன்தட்டு இரண்டு நாள் டிக் டிக் என்றதாம்,
பிறகு அதுவும் இல்லையாம்.
"இன்னொரு பிரதி?" என்றேன்.
மௌனம்.
அந்த மௌனம் எனக்குப் பதினொரு வருடப் பரிச்சயம்:
கொதிகலன் காப்பீடு, குளிர்கால டயர்,
என் அம்மாவின் பிறந்தநாள்.

வியாழன்தோறும் வருகிறான்.
இருபது தகடு வாங்கிப் போகிறான்,
இருபது திருப்பித் தருகிறான்.
நோட்டில் கையெழுத்து உண்டு.
காப்பி சிலநேரம்.

நான்காவது வியாழன்
வாசலில் நின்றபடியே கேட்டான்:
"எல்லாம் 'தெரியாத கலைஞர்' என்றே வருகிறது.
தடம் ஒன்று, தடம் இரண்டு, அவ்வளவுதான்.
முன்பெல்லாம் பெயர்கள் தானாக வருமே?"

தானாக.

இரண்டு குளிர்காலம்.
சமையலறை மேசை, மடிக்கணினி,
அட்டையின் பொடி எழுத்துக்கு ஒரு பூதக்கண்ணாடி.
இசைத்தவர், இடம், ஆண்டு, பியானோவின் மரம்வரை
நான் அடித்தவை.
பக்கத்து அறையில் அவன்
ஐஸ் ஹாக்கி பார்த்துக்கொண்டிருந்தான்.

சொல்லவில்லை.
"தகடு தருகிறேன், பெயரை நீயே அடி" என்றேன்.

தலையாட்டினான். படியிறங்கப் போனவன் திரும்பி,
"அந்த செல்லோ... நான்காவது...
'மூன்றாம் வரிசைக் கிழவர்' என்று ஒரு தலைப்பு இருந்ததே,
அதை எழுதியவர் யார்?
எங்கே தேடியும் கிடைக்கவில்லை."

என்னால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை.
அவனுக்குப் புரியவில்லை; பிறகு, மெல்ல,
பதினொரு நொடி பிடித்தது,
புரிந்தது.

உள்ளே வந்தான். கோட்டைக் கழற்றவில்லை.
பழைய பெட்டியில் அந்தத் தடத்தைப் போட்டேன்.
கிழவர் இருமினார்.
அவன் இடப்பக்கச் சுவரைத் திரும்பிப் பார்த்தான்.

"இந்த பிளேயர் எந்தக் கடையில்?"

டிராம் எண்ணையும் நிறுத்தத்தையும்
ரசீதின் பின்புறம் எழுதிக் கொடுத்தேன்.
இது போல் ஒன்றுதான் இருந்தது
என்பதைச் சொல்லவில்லை.
மற்ற இரண்டும் அங்கேதான் இருக்கும்.